சாக்கிஹால் தெருவின் நான்காம் மாடி

கிளாஸ்கோ நகரத்தில் சாக்கிஹால் தெரு, 134-ஆம் எண் கட்டடம். 1966 மார்ச்சில் அதன் நான்காம் மாடியில் ஒரு ஃபோக் கிளப் தொடங்கியது. சனிக்கிழமை இரவு ஆரம்பித்தால் ஞாயிறு விடியும்வரை பாட்டு நடக்கும். நடத்தியவர்களில் முக்கியமானவர் கிளைவ் பாமர், லண்டனிலிருந்து வந்து ஸ்காட்லாந்தில் தங்கிவிட்ட பான்ஜோக்காரர். அதனால் அதற்கு 'கிளைவ்ஸ் இன்க்ரெடிபிள் ஃபோக் கிளப்' என்று பெயர். அங்கே வாராவாரம் வாசித்த மூவர் குழு கிளப்பின் பெயரையே எடுத்துக்கொண்டு 'தி இன்க்ரெடிபிள் ஸ்டிரிங் பேண்ட்' ஆனது. கிளப் அதிக நாள் நீடிக்கவில்லை. குழுவின் பெயர் நிலைத்துவிட்டது. பாமர் விலகிப்போன பின் ராபின் வில்லியம்சன், மைக் ஹெரான் என்ற இரண்டு எடின்பரோ இளைஞர்கள் அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனார்கள்.

நான் வேலை நிமித்தம் ஸ்காட்லாந்துக்கு வந்து தங்கியவன். கும்பகோணத்தில் அத்தையிடம் வீணை கற்றவன் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாட்டைத் தேடிப் போவது வழக்கம். அப்படித்தான் இவர்களிடம் வந்து சேர்ந்தேன். இசை வரலாற்று நூல்களில் இவர்களை 'சைகடெலிக் ஃபோக்' என்ற தலைப்பின் கீழ் வைப்பார்கள். எல்எஸ்டி, ஹிப்பிகள், வண்ணவண்ண உடைகள், 1967-இன் கோடை என்று கதை போகும். அதில் பொய் இல்லை. அவர்கள் அந்தக் காலத்தின் பிள்ளைகள்தான், போதைப் பொருள்களும் எடுத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்தப் பாட்டுகளின் விநோதத்துக்கு ஊற்று போதை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் பழம்பாட்டு மரபிலும் ஃபோக் கிளப் என்ற பழக்கத்திலும்தான் அந்த ஊற்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற கவிஞர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர்ஊராக அலைந்தார். தகர வேலையும் பருவகாலக் கூலி வேலையும் செய்து ஊர் ஊராய்த் திரிந்த டிராவலர் மக்களிடம் முந்நூறு நானூறு வருடத்துக் கதைப்பாடல்கள் உயிரோடு இருப்பதைக் கண்டார். பிளேர்கவுரி பக்கத்தில் ராஸ்பெரி பறிக்கும் பருவத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் குடும்பங்களை அங்கேயே போய்ப் பதிவு செய்தார். 1953-இல் அபர்தீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்மணியைச் சந்தித்தார். எழுத்தில் இருந்து செத்துப்போனதாகப் பண்டிதர்கள் நினைத்த பாட்டுகளை அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் சாதாரணமாகப் பாடிக்கொண்டிருந்தார். பக்கவாத்தியம் இல்லை. குரல் மட்டும். ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி, வளைத்து, அடுத்த சுரத்தில் இறக்கும் பாங்கு. அதைக் கமகம் என்று நான் சொல்லமாட்டேன், அதன் இலக்கணம் வேறு. ஆனால் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை.

இந்தத் தேடலின் பின்னால்தான் கிளப்புகள் முளைத்தன. மதுக்கடையின் பின்னறையோ மாடியோ ஏதாவது ஓரிடம். மைக் கிடையாது. பணம் வாங்கிப் பாடும் விருந்தாளி பாடுவதற்கு முன்னால் கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து ஓரிரு பாட்டுப் பாடலாம். நன்றாகப் பாடவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாடும்போது மற்றவர்கள் பேசக்கூடாது என்பதே நிபந்தனை. பல்லவி வந்தால் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் பெரிய மரியாதை உண்டு. கேட்பவருக்கும் பாடுபவருக்கும் இடையே மேடை என்ற உயரம் இல்லாத இடத்தில்தான், தெரியாத வாத்தியத்தைக் கையில் எடுக்கும் தைரியம் ஒருவனுக்கு வரும்.

வில்லியம்சன் 1943-இல் எடின்பரோவில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு இசைக்கு வந்தவர். முதலில் ஜாஸ், பிறகு பழம்பாட்டு. ஜீனி ராபர்ட்சனின் பாட்டு அவரை ஆழமாகத் தொட்டது. பின்னாளில் கிட்டார் மேதை என்று புகழ்பெற்ற பெர்ட் ஜான்ஷும் அவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். ஆர்ச்சி ஃபிஷர் என்ற பாடகர் கிரௌன் பார் என்ற மதுக்கடையில் நடத்திய கிளப்பில் பாடினார்கள். 1963-இல் பாமர் வந்து சேர, வில்லியம்சன் ஃபிடிலும் பாமர் பான்ஜோவுமாக இருவர் குழு அமைந்தது. தாளத்துக்கு கிட்டார் வாசிக்க ஆள் வேண்டும் என்று 1965-இல் தேடியபோது கிடைத்தவர் ஹெரான்.

ஹெரான் வேறு மாதிரி ஆள். கணக்காளர் வேலைக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். மாலை வேளைகளில் ராக் அண்ட் ரோல் குழுக்களில் வாசித்தவர். வில்லியம்சன் நீண்ட, ஒழுகும் வரிகளில் புராணமும் கனவும் பாடுவார். ஹெரானின் பாட்டில் குதூகலம் இருக்கும், நடை இருக்கும், அமீபாவிலிருந்து முள்ளெலிவரை சின்ன உயிர்களின்மேல் பிரியம் இருக்கும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுதியது அரிது. ஒருவர் எழுதிக் கொண்டுவருவார், மற்றவர் அதில் தன் குரலுக்கும் வாத்தியத்துக்கும் இடம் தேடிக்கொள்வார். நெருங்கிய நண்பர்கள் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. அந்த இடைவெளி அவர்களுடைய இசைக்கு நல்லதாகவே அமைந்தது.

எலெக்ட்ரா நிறுவனத்துக்காக லண்டனில் வேலை பார்த்த ஜோ பாய்ட் என்ற இளம் அமெரிக்கர் இந்த மூவரையும் ஒப்பந்தம் செய்து, முதல் இசைத்தட்டை 1966-இல் வெளியிட்டார். மெலடி மேக்கர் பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த ஃபோக் இசைத்தட்டு என்று தேர்ந்தெடுத்தது. அதில் வில்லியம்சன் எழுதிய 'அக்டோபர் சாங்' பாட்டை பாப் டிலன் 1968-இல் ஒரு நேர்காணலில் பாராட்டினார். ஆனால் தட்டு வெளிவந்த கையோடு குழு கலைந்துபோனது. பாமர் ஆப்கானிஸ்தான் வழியே இந்தியாவுக்குக் கிளம்பினார். வில்லியம்சன் தன் தோழி லிகரிஸ் மெக்கெக்னியுடன் மொராக்கோவுக்குப் போனார், திரும்பும் எண்ணமே இல்லாமல். ஹெரான் எடின்பரோவிலேயே இருந்தார்.

கையில் காசு தீர்ந்ததும் வில்லியம்சன் திரும்பி வந்தார். சாக்கில் மொராக்கோ வாத்தியங்கள். அவற்றில் ஒன்று கிம்ப்ரி, தோல் போர்த்திய உடலும் மூன்று தந்திகளும் கொண்டது. அங்கே விரலால் மீட்டப்படும் அதை அவர் வில்லால் இழுத்து வாசித்தார். ஃபிடில் வாசிக்கும் கை அப்படித்தானே போகும். அந்த ஒலி கீறலும் அழுகையுமாக இருக்கும். ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது. பின்னாளில் அந்த வாத்தியத்தை எலிகள் தின்றுவிட்டன. நல்லவேளையாக அதற்குள் அதன் குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது.

1966 நவம்பரில் வில்லியம்சனும் ஹெரானும் இருவராகவே டாம் பாக்ஸ்டன், ஜூடி காலின்ஸ் ஆகியோரின் பிரிட்டன் பயணத்தில் முன்பாட்டுக்காரர்களாகப் போனார்கள். இருவர் குழுவின் பொற்காலம் அங்கே தொடங்குகிறது. 1967 ஜூலையில் 'தி 5000 ஸ்பிரிட்ஸ் ஆர் தி லேயர்ஸ் ஆஃப் தி ஆனியன்' வெளிவந்தது. லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில், ஜான் வுட் என்ற தேர்ந்த ஒலிப்பதிவாளரின் கையில் உருவான தட்டு. டபுள் பாஸ் வாசித்தவர் டேனி தாம்சன். அட்டைப்படத்தைத் தீட்டியது 'தி ஃபூல்' என்ற டச்சு ஓவியர் குழு. அந்த அட்டைதான் இவர்களை என்றென்றைக்குமாக ஹிப்பி அலமாரியில் வைத்துவிட்டது என்று எனக்கு வருத்தம் உண்டு. ஓவியம் அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் பழம்பாட்டின் எலும்பை அது மறைக்கிறது.

அந்தத் தட்டில் சிதாரும் தம்புராவும் ஒலிக்கின்றன. எங்கள் அத்தை வீணையைத் தொடவிடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் தம்புராவை மட்டுமே மீட்டச் சொன்னவர். அதனால் சுருதி சேராத தம்புரா என்றால் என் காது உடனே சுருங்கும். இதில் சுருங்கவில்லை. வாசித்தவரின் பெயர் அட்டையில் 'சோமா' என்று மட்டும் இருந்தது. அவர் நசீர் ஜைராஸ்பாய். லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் இந்திய இசை கற்பித்தவர். இந்துஸ்தானி ராகங்களின் அமைப்பைப் பற்றி 1971-இல் ஒரு முக்கியமான நூல் எழுதியவர். அவருடைய ஆசிரியர் ஆர்னால்ட் பேக் என்ற டச்சு அறிஞர். பேக் 1938-இல் தென்னிந்தியாவெங்கும் சுற்றி நாட்டார் கலைகளை ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தவர். 1984-இல் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்ற ஆய்வாளருடன் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வந்தார். ஆசிரியர் பதிவு செய்த கலைகளில் எது மிஞ்சியிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று தேடி மீண்டும் பதிவு செய்தார். ஸ்காட்லாந்து இளைஞர்களின் தட்டில் தம்புரா மீட்டியவர் நம் ஊர்க் கலைஞர்களைத் தேடி வந்த ஆய்வாளர் என்று தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. ஹெண்டர்சன் பிளேர்கவுரியில் செய்த வேலையைத்தான் பேக்கும் ஜைராஸ்பாயும் நம் பக்கத்தில் செய்தார்கள்.

1967 கோடையில் நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார்கள். லியோனார்ட் கோஹனும் ஜோனி மிட்செலும் மேடையேறிய அதே விழா. டிசம்பரில் அடுத்த தட்டின் பதிவு நடந்தது. 1968 மார்ச்சில் 'தி ஹேங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்' வந்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடத்தைத் தொட்டது. கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு ஒலித்தடத்தின் மேல் இன்னொன்றாக ஏற்றி, இரண்டே பேர் டஜன்கணக்கான வாத்தியங்களை வாசித்திருக்கிறார்கள். கிம்ப்ரி, ஊத், மாண்டலின், தகரக் குழல், பான் குழல், மோர்சிங்குக்கு உறவான ஜூஸ் ஹார்ப், எல்லாம் வில்லியம்சன். சிதார், ஹாமண்ட் ஆர்கன், ஹார்ப்சிகார்ட், டல்சிமர், எல்லாம் ஹெரான். டாலி காலின்ஸ் குழல் ஆர்கன் வாசித்தார்.

ஹெரான் சிதாரை முறையாகக் கற்றவர் அல்ல. அவர் தந்தியை வளைத்து இழுப்பதில்லை, தட்டுவதே அதிகம். சாஸ்திரம் தெரிந்தவர் குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். அவர் ராகம் வாசிப்பதாக நடிக்கவே இல்லை. தன் பாட்டுக்கு அந்தத் தந்தியின் நிறம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டுகளில் எத்தனையோ ராக் குழுக்கள் இந்தியச் சாயலுக்காக மட்டும் சிதாரை ஒட்டவைத்தன. இவர்களிடம் அந்த ஒட்டு தெரிவதில்லை, காரணம் பாட்டின் உருவமே வேறாக இருந்தது.

அந்த உருவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஹெரான் எழுதிய 'எ வெரி செல்லுலர் சாங்' 13 நிமிடப் பாட்டு. பல்லவி, சரணம் என்ற ஒழுங்கு அதில் கிடையாது. ஒரு மெட்டு முடியும் இடத்தில் வேறொன்று தொடங்கும், நடுவில் பஹாமா தீவுகளின் பிரியாவிடைப் பாட்டு ஒன்று வரும், பிறகு ஒற்றைச் செல் உயிரி பேசும், கடைசியில் ஆசீர்வாதம். அந்தப் பஹாமா பாட்டை அவர்கள் கேட்டது, பிண்டர் குடும்பமும் ஜோசப் ஸ்பென்ஸும் பாடி, நன்சச் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட களப்பதிவுத் தட்டில். இறந்தவருக்கு இரவு வணக்கம் சொல்லும் பாட்டு அது. பிற்பாடு கிரேட்ஃபுல் டெட் குழுவும் அதைக் கச்சேரியின் முடிவில் பாடிவந்தது. ஹெரான் அதை எடுத்து, சாவுக்கும் உயிரின் முதல் பிளவுக்கும் இடையில் வைத்தார். போதையில் மனம் தாவியதால் வந்த உருவம் என்று இதைச் சொல்பவர்கள், அவர் கேட்டு வளர்ந்த பாட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஏனென்றால் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறக் கதைப்பாடல்கள் இதைவிட விநோதமானவை. தாமஸ் என்ற பாடகனை வனதேவதைகளின் அரசி குதிரையில் ஏற்றிக்கொண்டு போய் ஏழு வருடம் வைத்திருக்கிறாள். டாம் லின் என்பவன் காதலியின் பிடிக்குள்ளேயே பாம்பாகவும் மிருகமாகவும் கொள்ளிக்கட்டையாகவும் மாறுகிறான். அவள் விடாமல் பிடித்தால்தான் மனிதனாவான். மூழ்கி இறந்த மகன்கள் பிர்ச் மரத் தொப்பியோடு வீட்டுக்கு வருகிறார்கள். இவற்றைக் கிழவிகள் அடுப்படியில் நிதானமாகப் பாடினார்கள். வில்லியம்சன் அந்த நிதானத்தைக் கற்றுக்கொண்டார். அவருடைய பாட்டில் எவ்வளவு வினோதமான காட்சி வந்தாலும் குரல் பதறுவதில்லை, அதுதான் மரபின் அடையாளம்.

இருவர் குழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1968 முதல் மேடையில் நால்வர். லிகரிஸின் மெல்லிய உச்சக்குரல் முந்தைய தட்டுகளிலேயே உண்டு. யார்க் பல்கலைக்கழக மாணவியும் மலையேறுபவருமான ரோஸ் சிம்ப்சன், அதுவரை தொட்டிராத பாஸ் கிட்டாரைக் கையில் வாங்கிக் கற்றுக்கொண்டு குழுவின் அடித்தளமானார். இரண்டு பெண்களையும் காதலிகள் என்று எழுதிக் கடந்துபோன விமர்சகர்கள் அநியாயம் செய்தார்கள். 1968 நவம்பரில் வந்த 'வீ டாம் அண்ட் தி பிக் ஹ்யூஜ்' இரட்டைத் தட்டைக் கேளுங்கள், லிகரிஸின் குரலை எடுத்துவிட்டால் எத்தனை பாட்டுகள் வெறிச்சோடும் என்பது தெரியும். சிம்ப்சன் 2020-இல் தன் நினைவுகளை நூலாக எழுதினார். அந்தக் கணக்கு கொஞ்சமாவது நேரானது.

வுட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் பாடவேண்டியது. மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மேடையில் மின்சாரக் கருவிகளோடு ஏற மறுத்தார்கள். அவர்களுக்குப் பதில் மெலனி என்ற இளம் பாடகி தன் கிட்டாரோடு ஏறினார். கூட்டம் மெழுகுவத்தி ஏற்றியது. அவர் வாழ்க்கையே மாறியது. இவர்கள் மறுநாள் சனிக்கிழமை மாலை, பலமான ராக் இசையை எதிர்பார்த்திருந்த கூட்டத்தின் முன் பாடினார்கள். யாரும் கவனிக்கவில்லை. விழாவைப் பற்றி வந்த படத்திலும் அவர்கள் இல்லை. அந்த இரவில் தான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று பாய்ட் பின்னாளில் தன் நூலில் வருந்தி எழுதினார். எல்லோரும் அதை அவர்களுடைய பெரிய பிழை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழையில் தந்தி சுருதி நிற்காது, தோல் தளர்ந்துவிடும். சுருதி சேராமல் பாட மறுப்பது பாட்டுக்காரனின் உரிமை. புகழ் போனது உண்மை. ஆனால் அவர்கள் அரை மைல் தூரம் நிற்கும் கூட்டத்துக்காகப் பாட்டு எழுதியவர்களும் அல்ல.

அதற்குப் பிந்தைய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1968 இறுதியில் நியூயார்க் போனபோது சயன்டாலஜி இயக்கத்தில் ஈடுபாடு வந்தது. போதைப் பொருள்களை விட்டார்கள். 1969 முதல் இன்னர்லீதன் ஊருக்கு அருகே கிளென் பண்ணையில் வரிசையாக இருந்த எட்டுச் சிறு வீடுகளில் நண்பர்களோடு வாழ்ந்தார்கள். டாம் லின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் கார்ட்டர்ஹா வனம் அங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான். 1970-இல் ஸ்டோன் மங்கி நடனக் குழுவோடு சேர்ந்து 'யூ' என்ற நீண்ட இசை நாடகத்தை லண்டன் ரவுண்ட்ஹவுஸிலும் நியூயார்க்கிலும் நடத்தினார்கள், விமர்சகர்கள் கடிந்தார்கள். சிம்ப்சன் 1971-இல் விலகினார், லிகரிஸ் 1972-இல். லிகரிஸ் பிறகு கலிஃபோர்னியா போய்ப் பொதுவெளியை விட்டே ஒதுங்கிவிட்டார். பிந்தைய தட்டுகளில் டிரம்ஸ் வந்தது, மின் கிட்டார் வந்தது, பாட்டுகள் மற்றவர்களின் பாட்டுகளைப் போல ஒழுங்காக ஆயின. அந்த ஒழுங்குதான் அவர்களைக் கொன்றது என்பது என் தீர்ப்பு. 1974-இல் குழு முடிந்தது.

வில்லியம்சன் ஹார்ப்பை எடுத்துக்கொண்டு கதைசொல்லியாக மாறினார். கெல்ட்டியப் பழங்கதைகளை வாத்தியத்தோடு சொல்லும் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் அவருக்கு முன்வரிசை இடம். பின்னாளில் இசிஎம் நிறுவனத்துக்காக அவர் செய்த தட்டுகளில் கவிஞர்கள் பிளேக்கும் டிலன் தாமஸும் பாட்டாகியிருக்கிறார்கள். 1997-இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் பாடினார்கள், பிறகு பாமரும் சிலகாலம் சேர்ந்துகொண்டார். பாமர் 2014-இல் காலமானார். இவர்களைப் பற்றி 2003-இல் வந்த பெரிய தொகுப்பு நூலுக்கு முன்னுரை எழுதியவர், அப்போது கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ். லெட் செப்பெலினின் ராபர்ட் பிளான்ட், தங்கள் வழியைத் தேடிய காலத்தில் 'தி ஹேங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்' தட்டைப் போட்டுக் கேட்டுத்தான் கற்றோம் என்று சொல்லியிருக்கிறார்.

கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ண அட்டையையும் 'சைகடெலிக்' என்ற பட்டத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஜீனி ராபர்ட்சன் பாடிய கதைப்பாட்டு ஒன்றைக் கேளுங்கள். அடுத்து பிண்டர் குடும்பத்தின் பஹாமா பாட்டு. அதன் பிறகு அந்த 13 நிமிடப் பாட்டைப் போடுங்கள், நடுவில் நிறுத்தாமல்.